ஆளுக்கொரு ஊர், எல்லோருக்கும் ஒரே படம்: வீடியோ காலில் நண்பர்களோடு சினிமா பார்க்க முழுமையான வழிகாட்டி

முதல் தடவை இப்படிப் படம் பார்த்தபோது எங்கள் லண்டன்காரன் நான்கு விநாடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நல்ல காமெடி சீன். திரையில் ஆள் வாயைத் திறப்பதற்குள் காதில் அவன் சிரிப்பு வந்து விழுகிறது. இரண்டு ஜோக் போனது. மூன்றாவதில் கோவைக்காரி பொறுமை இழந்து, "டேய், எங்களுக்கு இன்னும் வரலடா! நீ எங்க இருக்க?" என்று கேட்டாள். அவன் ரொம்பப் பொறுப்பாக, "நான் லண்டன்லதான் இருக்கேன்" என்றான்.

கல்லூரி விடுதியில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் நாங்கள், மொத்தம் ஆறு பேர். இப்போது சென்னையில் இரண்டு பேர், கோவை, சிங்கப்பூர், லண்டன், டொரண்டோவில் தலா ஒருவர். மாதம் ஒரு சனிக்கிழமை சேர்ந்து படம் பார்க்கிறோம். சொதப்பிச் சொதப்பிக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

எடுத்ததுமே ஒன்று. ஒருவர் படத்தைப் போட, மற்றவர்கள் வீடியோ காலில் அவர் திரையைப் பார்ப்பது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டு வருவார்கள். அதை மறந்துவிடுங்கள். ஆளாளுக்குத் தங்கள் வீட்டுத் திரையில், தங்கள் கணக்கில் படத்தைப் போட வேண்டும். வீடியோ கால் பேச்சுக்கும் முகம் பார்க்கவும் மட்டும். இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

படி 1: நேரம் குறிப்பது

படத்தை முடிவு செய்வதற்கு முன் நேரத்தை முடிவு செய்யுங்கள். எங்களுக்குப் பொருந்தியது இந்திய நேரம் சனிக்கிழமை இரவு 7:30. அப்போது சிங்கப்பூரில் இரவு 10, லண்டனில் குளிர்காலமென்றால் மதியம் 2, டொரண்டோவில் காலை 9. கோடையில் லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இலங்கை நண்பர்கள் இருந்தால் கவலையில்லை, அங்கும் நம் நேரம்தான். துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால்.

மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் கவனமாக இருங்கள். வட அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை முன்னால் தள்ளுகிறார்கள். திருப்பி வைப்பது பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு, வட அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட அந்த வாரங்களில் மனக்கணக்குப் போட்டால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பிவிட்டால் அவரவர் ஊர் நேரத்தை அதுவே காட்டும்.

கூட்டத்தில் சிட்னியும் டொரண்டோவும் சேர்ந்து இருந்தால்? இந்திய நேரம் ஞாயிறு காலை 6:30க்கு வையுங்கள். டொரண்டோவில் சனிக்கிழமை இரவு 8 அல்லது 9, சிட்னியில் ஞாயிறு முற்பகல் 11 அல்லது நண்பகல் 12. அலாரம் வைத்து எழ வேண்டியவர் நீங்கள்தான். லண்டனில் நடுநிசி தாண்டியிருக்கும், அங்கே இருப்பவரை அன்று விட்டுவிடுங்கள்.

படி 2: படம் தேர்ந்தெடுப்பது

ஜனநாயகம் இங்கே வேலைக்கு ஆகாது. குரூப்பில் "என்ன படம் பார்க்கலாம்?" என்று கேட்டால் நாற்பது பெயர் வரும், படம் வராது. மாதத்துக்கு ஒருவர் முறை. அவர் மூன்று படம் சொல்வார், வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு, வியாழக்கிழமை இரவோடு கதவடைப்பு.

என் தனிப்பட்ட கருத்து: புதுப் படத்தை இதற்கு வைக்காதீர்கள். புதுப் படத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும், நண்பர்களோடு இருந்தால் வாயடிக்க வேண்டும், இரண்டும் சேராது. எல்லோரும் நாலு தடவை பார்த்த படம்தான் சரி. வசனம் மனப்பாடமாக இருந்தால் இரண்டு நிமிடம் நெட் போய்வந்தாலும் கதை தொலையாது.

தேர்ந்தெடுத்ததும் அது எல்லா ஊரிலும் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஓடிடி உரிமையை நாட்டுக்கு நாடு தனித்தனியாக விற்கிறார்கள். இந்தியாவில் ஒரு தளத்தில் இருக்கும் தமிழ்ப் படம் கனடாவில் வேறு தளத்தில் இருக்கலாம், இல்லாமலே போகலாம். ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை மாற்றி மாற்றித் தேடினால் எங்கே ஓடுகிறது என்று காட்டும். பழைய படமென்றால் உரிமை வைத்திருக்கும் நிறுவனமே யூடியூபில் முழுசாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், செலவு மிச்சம்.

படி 3: எந்த வழியில் சேர்ந்து பார்ப்பது

ஒரு திரையைப் பகிர்ந்து எல்லோரும் பார்ப்பது ஏன் வேண்டாம் என்கிறேன்? முதலாவது, ஓடிடி படத்தைப் பகிர்ந்தால் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் தெரியும். சத்தம் மட்டும் வந்தாலும் வரும். உங்கள் நெட்டில் கோளாறு இல்லை. படத்தை நகலெடுக்க முடியாதபடி டிஆர்எம் பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். குரோமில் அந்த வேலையைச் செய்வது வைட்வைன் என்ற மென்பொருள். பூட்டை உடைக்கும் குறுக்குவழிகளை யாராவது சொல்லித் தருவார்கள். சந்தா விதிமுறைக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். உடைத்தாலும் படம் தெளிவாக வராது என்பதுதான் இரண்டாவது காரணம். உங்கள் வீட்டு நெட்டின் அப்லோடு வேகத்தில், வீடியோ கால் செயலி இன்னொரு தடவை சுருக்கி அனுப்பும் படத்தைத்தான் மற்றவர்கள் பார்க்க வேண்டியிருக்கும். இருட்டுக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஆகவே மூன்று வழி.

கணினியில் பார்ப்பவர்களுக்கு டெலிபார்ட்டி. முன்பு நெட்ஃபிளிக்ஸ் பார்ட்டி என்று பெயர். குரோம், எட்ஜ் உலாவிகளில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன். ஒருவர் படத்தைத் திறந்து பார்ட்டி தொடங்கி லிங்க்கை அனுப்புவார். மற்றவர்கள் தங்கள் கணக்கில் இருந்தபடி அந்த லிங்க்கில் சேர்வார்கள். ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். நிறுத்தும் அதிகாரத்தைத் தொடங்கியவர் மட்டும் வைத்துக்கொள்ள ஒரு டிக் இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் ஆறு வீட்டிலும் படம் நிற்கும். யூடியூப் படமென்றால் வாட்ச்டுகெதர் தளத்தில் ஓர் அறை திறந்தாலும் போதும்.

எல்லோரிடமும் ஐபோனோ ஐபேடோ இருந்தால் ஆப்பிளின் வீடியோ கால் செயலியான ஃபேஸ்டைமில் ஷேர்பிளே, அதாவது பேசிக்கொண்டே ஒரே படத்தைச் சேர்ந்து ஓட்டும் வசதி. 2021 கடைசியில் வந்தது, அதற்கு இடம் தரும் செயலிகளில் மட்டும் ஓடும். ஆண்ட்ராய்டு நண்பர் லிங்க் வழியாக ஃபேஸ்டைமில் பேசலாம், ஷேர்பிளேயில் சேர முடியாது. ஆறு பேரில் ஆறு பேரும் ஐபோன் வைத்திருக்கும் கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது, நாங்கள் செய்வது: கையால் சேர்த்து ஓட்டுவது. டிவியில் பார்க்கலாம், எந்தத் தளமாகவும் இருக்கலாம், டவுன்லோடு செய்த படமாகவும் இருக்கலாம். கொஞ்சம் பயிற்சி வேண்டும். படி 5இல் விரிவாகச் சொல்கிறேன்.

திரையைப் பகிரவே கூடாதா என்றால், உங்கள் சொந்த வீடியோவுக்குத் தாராளமாகப் பகிரலாம். கல்யாண வீடியோ, விடுதி ஆண்டுவிழாவில் யாரோ எடுத்தது, நீங்களே எடுத்த குறும்படம். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்களும் சரி. இந்தியச் சட்டப்படி ஒரு படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை இருக்கும், மற்ற நாடுகளில் கணக்கு வேறு.

பகிரும்போது மறக்கக் கூடாத சின்ன விஷயங்கள். ஜூமில் ஷேர் பொத்தானை அழுத்தியதும் கீழே 'ஷேர் சவுண்ட்', 'ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்' என்று இரண்டு கட்டங்கள் வரும், இரண்டையும் டிக் செய்யுங்கள். கூகுள் மீட்டில் முழுத் திரையைக் கொடுக்காமல் குரோம் டேப்பை மட்டும் பகிர்ந்து, டேப் ஆடியோவை ஆன் செய்யுங்கள். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் முடியும், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் மீட் 60 நிமிடம். நம் படம் அதற்குள் முதல் பாட்டைத்தான் தாண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் இந்த நேரக் கணக்கு இல்லை, 32 பேர் வரை வீடியோ காலில் சேரலாம். மாதாமாதம் எங்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

படி 4: சத்தம்

படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வோம். சத்தம் கெட்டால் பத்து நிமிடத்தில் ஆளாளுக்குக் கழன்றுவிடுவார்கள். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

உங்கள் டிவி ஸ்பீக்கரில் வரும் வசனத்தை உங்கள் போன் மைக் பிடித்து மற்ற ஐந்து பேருக்கும் அனுப்பும். அவர்கள் ஏற்கெனவே அதே வசனத்தை அரை விநாடி முன்பின்னாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறு வீடு, ஆறு எதிரொலி. கோயில் திருவிழாவில் தெருவுக்கு நாலு குழாய் கட்டி ஒரே பாட்டைப் போட்டது போல இருக்கும். செயலி எதிரொலியை அடக்கப் பார்க்கும், அப்போது மனிதக் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். நீங்கள் பேசினால் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும்.

தீர்வு: படத்துக்கு ஒரு கருவி, பேச்சுக்கு இன்னொரு கருவி. படம் டிவியிலோ லேப்டாப்பிலோ ஓடட்டும். வீடியோ கால் போனில். போனை டிவிக்குப் பக்கத்தில், உங்கள் முகம் தெரியும்படி எதன்மீதாவது சாய்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஹார்லிக்ஸ் பாட்டில். சார்ஜரில் போட்டுவிடுங்கள். படம் ஓடும்போது எல்லோரும் மியூட், பேச வேண்டுமென்றால் திறந்து பேசிவிட்டு மூடுவது. இந்த மியூட் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? கதாநாயகியின் அப்பா சாகும் காட்சி. எல்லோரும் அமைதி. சென்னையில் ஒரு வீட்டுக் குக்கர் ஆற அமர மூன்று விசில் விட்டது.

ஒரே லேப்டாப்பில் படத்தையும் வீடியோ காலையும் ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஹெட்போன் கட்டாயம், அதுவும் ஒயர் உள்ளது. ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கை வீடியோ கால் எடுத்துக்கொண்டதும் அது பெரும்பாலும் போன் பேசும் முறைக்கு மாறிவிடும், படத்தின் இசை பழைய லேண்ட்லைனில் கேட்பது போலாகிவிடும். ஹெட்செட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவரை எனக்குத் தெரியும். லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தாலே சரியாகியிருக்கும்.

போனை 'டு நாட் டிஸ்டர்ப்' முறையில் வையுங்கள். நடுவில் சாதாரண அழைப்பு வந்தால் வீடியோ கால் தடைபடும். சனிக்கிழமை இரவு ஊரிலிருந்து அம்மா கூப்பிடும் நேரம் என்றால், முன்கூட்டியே கூப்பிட்டு "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

படி 5: கையால் சேர்த்து ஓட்டுவது

எல்லோரும் 0:00இல் நிறுத்தி ஒன்றாகப் போட்டால் போதும் என்று நினைப்போம். போதாது. இந்தியப் பிரதியில் தொடக்கத்தில் புகையிலை எச்சரிக்கை வரும், வெளிநாட்டுப் பிரதியில் அது இல்லாமல் இருக்கலாம். தளத்துக்குத் தளம் முன்னால் ஒட்டும் சின்னங்களின் நீளமும் வேறு. கடிகாரத்தை நம்பாமல் காட்சியை நம்புங்கள்.

எல்லோரும் படத்தை ஓட்டி, படத்தின் பெயர் திரையில் முழுசாக வந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், அடுத்த பகுதி இறங்கிக்கொள்ளும். நடத்துபவர் ஒருவர் மட்டும் எண்ண வேண்டும்: "மூணு, ரெண்டு, ஒண்ணு, போடு!" 'ஒண்ணு'க்கு அழுத்துவதா 'போடு'க்கு அழுத்துவதா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் இதற்கு ஒரு முழு மாலை சண்டை போட்டிருக்கிறோம். 'போடு'க்குத்தான்.

ஓட ஆரம்பித்த பிறகு ஒரு சோதனை. முதலில் வரும் ஒரு பளிச்சென்ற சத்தத்தைப் பிடியுங்கள், கதவு அறைவதோ, கன்னத்தில் அறைவதோ. அந்த இடத்தில் எல்லோரும் மைக்கைத் திறந்து "டப்" என்று சொல்ல வேண்டும். எல்லா டப்பும் ஒரே கொத்தாக வந்தால் சரி. ஒன்று தனியாக முன்னால் வந்தால் அவர் முந்திவிட்டார்.

இங்கே ஒரே விதி: முந்தியவர் நிற்க வேண்டும், பிந்தியவர் ஓடக் கூடாது. மூன்று விநாடி முந்தியிருந்தால் நிறுத்தி, மூன்று எண்ணி, மறுபடி போட வேண்டும். பிந்தியவர் பத்து விநாடி தாவும் பொத்தானை அழுத்தினால் அவர் இப்போது ஏழு விநாடி முந்திவிடுவார், அப்புறம் அது கண்ணாமூச்சி ஆட்டம். அரை விநாடி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். கால் வழியாகக் குரல் வந்து சேரவே கொஞ்சம் நேரமாகிறது.

விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டம் வைத்திருப்பவர் நடுவில் பின்தங்குவார். விளம்பரம் வந்ததும் அவர் "விளம்பரம்" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லோரும் ஒரே பிரதியைப் பார்த்தால் நேர எண்ணைச் சொல்லிச் சேர்ந்துகொள்ளலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் மட்டும் மெல்ல மெல்ல முன்னால் போய்க்கொண்டே இருந்தால் அவர் எங்கிருந்து படத்தை எடுத்தார் என்று கேளுங்கள். ஐரோப்பிய டிவி முறைக்காக விநாடிக்கு 24 ஃபிரேமை 25 ஆக்கி வெளியிட்ட பழைய டிவிடி பிரதிகள் உண்டு. 150 நிமிடப் படம் அதில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். எவ்வளவு எண்ணினாலும் அது சேராது, பிரதியை மாற்றச் சொல்லுங்கள்.

படி 6: நெட்டும் கரண்டும்

நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி ஹெச்டி தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை ஆகும், சாதாரணத் தரத்துக்கு 1 ஜிபி வரை. இரண்டரை மணி நேரப் படத்தை ஹெச்டியில் பார்த்தால் ஏழரை ஜிபி வரை போகலாம். நாளுக்கு 2 ஜிபி ரீசார்ஜில் இருப்பவருக்கு இடைவேளை வரைகூடத் தாங்காது. அவர் முந்தைய நாளே எங்காவது வைஃபையில் படத்தைப் போனிலோ டேப்லெட்டிலோ டவுன்லோடு செய்துகொள்ளட்டும். சொல்லப்போனால் டவுன்லோடு செய்தவர்தான் கூட்டத்திலேயே சிக்காமல் திணறாமல் பார்ப்பார்.

நம்மூரில் இன்னொன்று: வைஃபை ரவுட்டர் சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனும் லைட்டும் எரியும், ரவுட்டர் மட்டும் செத்துக் கிடக்கும் வீடுகள் நிறைய.

படி 7: படம் ஓடும்போது

கேமரா ஆனில் இருப்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். டொரண்டோவுக்கு அது ஞாபகமிருக்கும். சென்னையில் பின்னால் துண்டோடு நடந்துபோகும் மாமனாருக்கு இருக்காது.

மியூட்டில் இருந்தாலும் கமெண்ட் அடிக்காமல் இருக்க முடியாது. அதற்கு வாட்ஸ்அப் குரூப்பில் தட்டுங்கள். எங்களிடம் ஒரு தளர்வு உண்டு: பாட்டு வந்தால் எல்லோரும் மைக்கைத் திறக்கலாம். விடுதியிலும் அப்படித்தான், பாட்டு வந்தால்தான் பேச்சே. தமிழ்ப் படத்தில் நாலைந்து பாட்டு இருக்கும், அரட்டைக்கு அதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் யோசித்திருக்க முடியாது. ஆனால் சேர்ந்து பாட மட்டும் முயலாதீர்கள். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. பேச்சுக்கு அது சரி, தாளத்துக்கு அந்தத் தாமதமே அதிகம். நாங்கள் பாடியதை ஒருவன் பதிவு செய்து வைத்திருக்கிறான், அதை வைத்து இன்னும் மிரட்டுகிறான்.

படி 8: இடைவேளை

திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்து நிற்கும்போது எல்லோரும் நிறுத்த வேண்டும். முதல் பாதியில் சேர்ந்த விநாடிக் கோளாறெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும், அதே அட்டையிலிருந்து மறுபடி எண்ணிப் போடலாம். இடைவேளை இல்லாத வெளிநாட்டுப் படமென்றால் பாதியில் ஒரு காட்சி முடியும் இடத்தை முந்தைய நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நிமிடம் என்று அறிவியுங்கள், இருபத்தைந்து ஆகும். சிங்கப்பூர்க்காரனுக்கு அப்போதே நள்ளிரவு நெருங்கியிருக்கும். தட்டில் என்ன இருக்கிறது என்று ஆளாளுக்குக் காட்டுவார்கள்: கோவையில் சூடான காளான், டொரண்டோவில் அந்த நேரத்துக்குக் காபியும் இட்லியும். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்பதெல்லாம் வெளியே வருவது இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். அப்படி ஏதாவது வந்துவிட்டால் அலாரம் அடித்தாலும் படத்தைப் போடாதீர்கள். ஒரு மாதம் எங்கள் இரண்டாம் பாதி அப்படியே நின்றுபோனது. கிளைமாக்ஸ் எல்லோருக்கும் தெரிந்த படம்தானே.

படி 9: முடிந்ததும்

எழுத்து ஓட ஆரம்பித்ததும் மைக்கை எல்லோரும் ஆன் செய்யுங்கள். சிங்கப்பூர்க்காரன் தூங்கியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம், எழுப்ப வேண்டாம். அடுத்த மாதம் எந்தச் சனிக்கிழமை, யார் முறை என்பதை வீடியோ காலை முடிப்பதற்கு முன்பே பேசி, அங்கேயே காலண்டரில் போட்டுவிடுங்கள். "அப்புறம் குரூப்ல பேசிக்கலாம்" என்று விட்டால் மூன்று மாதம் ஓடிவிடும். தூங்குபவன் முறையாக இருந்தால் இன்னும் வசதி, அவனுக்கான மூன்று படத்தையும் நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.